வாசல் மேசை

துஷ்யந்திக்குக் கண் தெரியாது. அதைச் சொல்லித்தான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அவளிடம் கேட்டிருந்தால் அதை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ சொல்லியிருப்பாள். முதலில் தனக்கு முப்பத்தாறு வயது என்பாள். பிறகு, நுகேகொடையில் ஒரு கொம்பனியில் பத்து வருசம் டெலிபோன் ஒபரேற்றராக இருந்தவள், மூன்று பாஷையிலும் கதைப்பவள் என்பாள். அதற்குப் பிறகு, ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று தானே சொல்லுகிற மெஷின் ஒன்றைக் கொம்பனி வாங்கினதால் வீட்டில் இருக்கிறேன் என்பாள்.

வீடு என்றால் தமையன் வீடு. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் நாலாம் மாடி. நான் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. தமையன் வீட்டு ஹோலில் ஒரு மூலையைத் திரைச்சீலையால் மறைத்து அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். தமையனும் மனைவியும் பொல்லாத ஆட்களில்லை, பிள்ளைகள், நீங்கள் அப்படி நினைத்துவிடாதேயுங்கோ. ஆனால் ஹோலில் படுக்கிறவள், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எழும்பிப் போகும்வரை படுக்க முடியாது. ஒரு நிரந்தர வேலை, அதற்கு ஒரு நியமனக் கடிதம், அந்தக் கடிதத்தைக் காட்டி எடுக்கக்கூடிய ஓர் அறை. பூட்டக்கூடிய கதவோடு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டு ஒழுங்கை தள்ளி நாகேந்திரத்தின் கலியாண மண்டபம் இருக்கிறது. போன வருசம் ஒரு வெளிநாட்டு அமைப்பு, ஹோட்டல், மண்டபம், தியேட்டர் போன்ற இடங்கள் தங்கள் இணையத்தளத்தை எல்லாரும் பாவிக்கக்கூடியதாகச் செய்தால் சான்றிதழ் தருவதாக அறிவித்தது. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்கும் வயசாளிகள், எல்லாரும். அந்தச் சான்றிதழ் இருந்தால் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள் நம்பிப் பதிவார்கள் என்று நாகேந்திரம் யோசித்தார். ஆனால் படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கண் தெரியாத ஒருவர் தளத்தைப் பாவித்துச் சோதித்திருக்க வேண்டும். ஆளைத் தேடினார். துஷ்யந்தி கிடைத்தாள்.

"பிள்ளை, நீர் இதைச் சரியாச் செய்து தந்தீரெண்டா வாசல் மேசை உமக்குத்தான்" என்றார் நாகேந்திரம். "புக்கிங், டெலிபோன், எல்லாம் நீரே பாக்கலாம். சான்றிதழ் தாற அண்டைக்கே நியமனக் கடிதமும் தாறன். சபைக்கு முன்னால தாறன்."

இணையத்தளத்தைச் செய்தவன் ஸப்வான் என்ற இளைஞன். கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு ஒஃபிஸ் வைத்திருந்தான். கெட்டிக்காரன். ஆனால் கண் தெரியாத ஒருவர் தன் வேலையைப் பாவிப்பார் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. முதல்நாள் துஷ்யந்தி தன் போனில் தளத்தைத் திறந்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அவளுடைய போனில் இருந்தது. அது வாயைத் திறக்க முதலே நாதஸ்வரமும் தவிலும் கிளம்பிவிட்டன.

"தம்பி, முதல் இதை நிப்பாட்டும்."

"அது நாகேந்திரம் சேர்ட ஓடர் அக்கா. சைட் தொறந்த ஒடன மேளம் அடிக்கோணுமாம்."

"மேளம் அடிச்சா எனக்குக் குரல் கேக்காது. கெட்டிமேளத்துக்குள்ள ஐயர் சொல்லுற மந்திரம் மாதிரி இருக்கு."

பக்கத்தில் நின்ற நாகேந்திரத்துக்கு மனமில்லை. "மேளம் இல்லாட்டி செத்தவீட்டு மண்டபமெண்டு நினைப்பினம் பிள்ளை."

"விரும்பினவை அமத்திக் கேக்கட்டும் ஐயா. அதுக்கு ஒரு பட்டன் வைப்பம்."

மேளம் நின்றது. பிறகு குரல் வாசித்தது: "பட்டன். பட்டன். பட்டன். படம். படம். படம்." ஒரு பட்டனுக்கும் பெயர் இல்லை. நாற்பத்திரண்டு படங்களில் ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. ஸப்வான், "அக்கா, உங்கட எடத்துல நானெண்டா இந்த போனத் தூக்கிக் கடல்ல வீசியிருப்பன்" என்றான்.

"நான் வீசினா எங்க விழுந்ததெண்டு தெரியாதெல்லோ" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

இரண்டு மாதம் வேலை நடந்தது. ஸப்வான் படத்துக்கு விளக்கம் எழுதிக் காட்டுவான்: "அழகான மணவறை."

"அழகோ இல்லையோ எண்டதை நான் முடிவுசெய்யிறன். மணவறைக்கு எத்தினை படி, எந்தப் பக்கத்தால ஏறுறது, கைபிடி இருக்கோ? அதைச் சொல்லும்."

மெரூன் நிறத்தில் பொன் எழுத்தை மாற்றச் சொன்னாள். அவளுக்கு நிறம் தெரியாது, ஆனால் என்னைப் போன்ற கண் மங்கினவர்கள் நாலு பேரைக் கேட்டு வைத்திருந்தாள். திகதி தெரிவுசெய்யும் கலண்டர், மௌஸ் பிடித்து அமத்தினால் மட்டும் வேலைசெய்தது. அதை முழுக்கப் பிரித்துத் திரும்பச் செய்ய வைத்தாள். அந்தக் கலண்டருக்கு மட்டும் பதினொரு நாள் எடுத்தது. மண்டப வாசலில் ஒன்பது படி இருக்கிறது என்று எழுதச் சொன்னபோது நாகேந்திரம் முகத்தைச் சுளித்தார்.

"ஆர் பிள்ளை மண்டபத்தைப் பற்றி இப்பிடிக் குறை எழுதுறது?"

"குறை இல்லை ஐயா, விபரம். எழுதாட்டி வீல்செயாரில வாற ஆள் வாசலில வந்துதான் தெரிஞ்சுகொள்ளுவார்."

ஒரு கிழமைக்குப் பிறகு பின்பக்கத்தால், சமையலறைக்கும் கோப்பை கழுவும் இடத்துக்கும் நடுவால், பலகையில் ஒரு சாய்பாதை போட்டார்கள். அதையும் உள்ளபடி எழுதினாள்.

அவள் கேட்டுப் போடுவித்த இன்னொன்றும் இருந்தது. பதிவுப் படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி: "உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்ய வேண்டும்?" அதில் ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். வீல்செயார் இரண்டு வருகிறது. மாமாவுக்குக் காது கேளாது, முன்வரிசை தாருங்கள். பெரியம்மாவால் நிலத்தில் இருந்து சாப்பிட முடியாது. மண்டபக்காரர் அதற்குக் கீழே பதில் எழுதுவார். இந்தப் பெட்டியைப் பற்றி அவள் என்னிடம் கதைக்கும்போது, பிள்ளை பெற்றவள் பிள்ளையைப் பற்றிக் கதைப்பது போலத்தான் இருக்கும்.

பழைய நாளில் பதிவெல்லாம் ஒரு தடித்த நீலக் கொப்பியில் இருந்தது. நாகேந்திரம் கையால் எழுதுவார். துஷ்யந்தி மேசையில் இருந்து வேலைசெய்ய வேண்டுமென்றால் அதுவும் தளத்துக்குள் வரத்தானே வேண்டும். வந்தது. நியமனக் கடிதம் வர முதலே அவள் அந்த மேசையில் இருந்து தமிழிலும் சிங்களத்திலும் ஆட்களுக்குப் பதில் சொன்னாள், திகதி கொடுத்தாள், மாற்றினாள். கலியாண நாட்களில் மட்டும் நாகேந்திரம் முதல்நாளே சொல்லிவிடுவார்: "நாளைக்கு நீர் வராதேயும் பிள்ளை. சனம் நெரிசல். இடிபட்டுப் போவீர். வீட்டில ஆறுதலா இரும்."

"ஐயா நல்ல மனுசன் அன்ரி" என்று என்னிடம் சொன்னாள். "நான் இடிபடுவனெண்டு யோசிக்கிறார்." பிறந்தநாள் விழாவிலும் கூட்டத்திலும் அதே சனம்தானே நெரிகிறது, அந்த நாட்களில் ஏன் வரச் சொல்கிறார் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. பின்னால் ரயில் போகிற சத்தம் மட்டும். அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதிக் கலியாணத்தின் பதிவைத் திறந்து, சாப்பாட்டு ஆட்களின் தொகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டிக்கு வந்தாள். குரல் வாசித்தது.

"உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்ய வேண்டும்? வாசல் மேசையில் இருக்கும் கண் தெரியாத பிள்ளையை அண்டைக்கு இருத்த வேண்டாம். பொம்பிளை மாப்பிளை உள்ளுக்கு வரேக்கை முழுவியளத்துக்குச் சரியில்லை. குறை நினைக்க வேண்டாம்."

முழுவியளம் என்றால் தெரியுந்தானே பிள்ளைகள். நல்ல காரியத்துக்குப் போகும்போது எதிரில் முதலில் படுகிற முகம். அது நல்ல முகமாக இருக்க வேண்டும் என்று நம்முடைய சனம் பார்க்கும்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கீழே பதில் இருந்தது. "ஓம், பிரச்சினை இல்லை. நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. நல்ல காரியம் எதுக்கும் நான் அந்தப் பிள்ளையை வர விடுறேல்லை. நாகேந்திரம்."

மனிதன் நீலக் கொப்பியில் எழுதிப் பழகினவர். இருபது வருசம் அப்படியான குறிப்பையெல்லாம் அதில்தான் எழுதினார். கொப்பி தளத்துக்குள் போனபிறகும் அதே கையால் அதே போல எழுதினார். துஷ்யந்தி வாசிக்கக்கூடியதாக அவரே பணம் கொடுத்துச் செய்வித்த இடத்தில் எழுதுகிறோம், அவள் அதை வாசிப்பாள் என்பது அவருக்குப் படவில்லை. அவருக்குள் அவள் இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைதான்.

அன்று பின்னேரம் ஸப்வான் வந்தபோது அவனிடம் திறந்து காட்டினாள். அவன் வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்து இருந்தான்.

"அழிச்சிடட்டா அக்கா?"

"ஏன் அழிக்கிறீர்? அது அவையள் கேட்ட உதவி."

"இவ்வளவு நல்லாப் பேசுற மனுசன். நான் சேரோட கதைக்கட்டா?"

"ஒண்டும் கதைக்காதேயும். ஒன்பதாம் திகதி சான்றிதழ் தருவினம். கடிதம் என்ர கையில வரட்டும். பிறகு நான் கதைக்கிறன்."

என்னிடமும் அதையேதான் சொன்னாள். மூன்று கிழமை வாயைத் திறக்கவில்லை. காலையில் போனாள், பின்னேரம் வந்தாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அறை ஒன்று பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். களுபோவிலவில், ஒரு நர்ஸ் அம்மாவின் வீட்டுப் பின்பக்கத்தில். கதவைத் தடவிப் பார்த்தாளாம். உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியே பூட்டுப் போட ஒரு கொளுக்கி.

ஒன்பதாம் திகதி காலை பத்து மணி. மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர், நானும் ஒருத்தி. அந்த அமைப்பிலிருந்து சாம்பவி என்ற பெண் வந்திருந்தா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கையில் படிவம், மரியாதையான பேச்சு. முன்னால் ஒரு மேசை, அதில் துஷ்யந்தியின் போன், பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். நாகேந்திரத்தின் கையில் ஒரு ஃபைல். அதற்குள் கடிதம் இருக்கிறது என்று அவரே அவளுடைய விரலை எடுத்து ஃபைலின் மேல் வைத்துக் காட்டினார்.

சாம்பவி சொல்லச் சொல்லத் துஷ்யந்தி செய்தாள். தளத்தைத் திறந்தாள், படங்களை வாசிக்க வைத்தாள், கலண்டரில் ஒரு திகதி எடுத்தாள். சபை கைதட்டியது.

"ஏற்கனவே பதிஞ்ச ஒண்டையும் திறந்து காட்டுங்கோ அக்கா. அடுத்த கலியாணம் எது?"

அடுத்த கலியாணம் பன்னிரண்டாம் திகதி.

அவள் திறந்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குரலைப் பழகினவர்கள் நாங்கள் கதைக்கிற வேகத்தில் கேட்பதில்லை. நாலு மடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில் கேட்பார்கள். எங்களுடைய காதுக்கு அது எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். குரல் முழுப்பதிவையும் வாசித்தது. பெயர், திகதி, சாப்பாடு, கடைசிப் பெட்டி, பதில். கண் தெரியாத பிள்ளை, முழுவியளம், நாகேந்திரம், எல்லாம் ஸ்பீக்கரில், ஐம்பது பேருக்கு முன்னால். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு கைதட்டினோம்.

"பாத்தீங்களோ வேகத்தை" என்றார் நாகேந்திரம் சபையைப் பார்த்து. "எங்கட பிள்ளை."

சாம்பவியும் சிரித்தா. "எனக்கு ஒண்டுமே பிடிபடேல்லை. எங்களுக்கும் விளங்கிற மாதிரி மெதுவாப் போட ஏலுமோ? வேகத்தை மாத்த முடியுதோ எண்டும் படிவத்தில ஒரு கேள்வி இருக்கு."

துஷ்யந்தி விரலைத் திரையில் வைத்தாள். வேறு பதிவொன்றைத் திறந்திருக்கலாம். பிறந்தநாள் பதிவு இருந்தது, பரதநாட்டிய அரங்கேற்றம் இருந்தது. ஒரு விரல் தள்ளினால் போதும்.

நாகேந்திரம் அவளுடைய தோளில் தட்டினார். "போடும் பிள்ளை, போடும். எல்லாரும் கேக்கட்டும்."

பிறகு அவள் எனக்குச் சொன்னாள்: "அந்தத் தட்டு இல்லாட்டி நான் மற்றதைத் திறந்திருப்பன் அன்ரி. கடிதம் எனக்கு நல்லா ஞாபகம் இருந்தது."

வேகத்தைக் குறைத்தாள். அந்தக் குரல், அவசரமில்லாமல், செய்தி வாசிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தது. 'நீங்கள் சொல்லத் தேவையே இல்லை' என்ற இடத்தில் யாரோ இருமினார்கள். 'நாகேந்திரம்' என்று முடித்து, 'பதிவு முடிவு' என்றும் சொல்லிவிட்டு நின்றது.

நாகேந்திரம் முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு சாம்பவியைப் பார்த்தார். "அது… ஆக்கள் கேக்கிறதுதானே மிஸ். நாங்கள் தொழில் செய்யிறம். எனக்கெண்டா அப்பிடி ஒரு எண்ணமும் இல்லை. இந்தப் பிள்ளை என்ர மகள் மாதிரி."

சாம்பவி தன் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. முகம் சிவந்துதான் இருந்தது, நான் பொய் சொல்லக்கூடாது. பிறகு பேனையை எடுத்துக் கோடு போட்டா. குரல் தெளிவு, சரி. பெட்டிக்குப் பெயர், சரி. வேகம் மாற்றலாம், சரி. எல்லாவற்றுக்கும் சரி.

சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. நாகேந்திரம் ஒரு பக்கம், சாம்பவி ஒரு பக்கம், துஷ்யந்தி நடுவில், படம் எடுத்தார்கள். படம் பிடிக்கிறவன் பழக்கத்தில் "இங்க பாருங்கோ" என்றான். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பி நின்றாள்.

போகும்போது சாம்பவி அவளுடைய கையைப் பிடித்தா. "அக்கா, எங்கட படிவம் வெப்சைட்டுக்கு மட்டும்தான். வேலைசெய்யிற ஆக்களைப் பற்றினது வேற பிரிவு. நான் அவையளுக்கு எழுதிப் போடுறன்."

"வெப்சைட் பாஸ்தானே தங்கச்சி?"

"முழுப் புள்ளி அக்கா. இந்தமுறை முழுப் புள்ளி எடுத்தது இது ஒண்டுதான்."

"அப்ப சரி" என்றாள் துஷ்யந்தி.

அந்த ஃபைலை நாகேந்திரம் திறக்கவில்லை. "ஒரு கிழமை போகட்டும் பிள்ளை, மனமெல்லாம் குழம்பிப்போச்சு" என்றார். மூன்றாம் நாள் ஸப்வான்தான் வீட்டுக்கு வந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, சேர் பாஸ்வேர்ட மாத்தச் சொன்ன. நான் மாத்தின. உங்களுக்குச் சொல்லாம ஈக்க ஏலல்ல."

"மேசையில இப்ப ஆர்?"

"சேர்ட மருமகள்."

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லும். இருபத்தாறாம் திகதிக்குப் பதிஞ்சவை டெலிபோன் நம்பரில ஒரு இலக்கத்தைப் பிழையாப் போட்டவை. சரியான நம்பர் எனக்குப் பாடம், எழுதும்." சொன்னாள். அவன் கையிலேயே எழுதிக்கொண்டான். "இன்னும் ஒண்டு. புதுசாப் படம் போட்டா விளக்கம் எழுதச் சொல்லும். மறந்துபோவினம்."

ஸப்வான் எழுதின இலக்கத்தை ஒருதரம் வாசித்துக் காட்டினான். படியிறங்கிப் போனான். களுபோவில அறையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். துஷ்யந்தி இன்னும் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருக்கிறாள்.

நான் இதோடு நிப்பாட்டியிருப்பேன், பிள்ளைகள். ஆனால் ஆவணியில் அந்த மண்டபத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போனேன். பொம்பிளையின் தகப்பன் சிவமணி, செட்டியார் தெருவில் இரண்டு நகைக்கடை, வீடு கொட்டாஞ்சேனையில். மனைவி எனக்குத் தூரத்துச் சொந்தம். ஒன்பது படியும் ஏறி மேலே போனால், வாசலில் பட்டு வேட்டியும் சால்வையுமாகச் சிவமணி நின்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அதில் இரண்டு கண்ணும் போய் நாலு வருசம்.

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தார்கள். முதலில் அவர்களுக்கு எதிரே நின்றவர் சிவமணிதான். எல்லாரும் அவரைக் கும்பிட்டார்கள், அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்கள். பக்கத்தில் அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டு ஒருவர், "அண்ணை, சம்பந்தி வாறார், வலது பக்கம்… அண்ணை, இப்ப கையை நீட்டுங்கோ" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார். நாகேந்திரம்.

பின்னேரம் பலகாரப் பெட்டியோடு நாலாம் மாடிக்குப் போனேன். துஷ்யந்தி கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணம் எப்பிடி அன்ரி?"

சொல்லாமல் விட நினைத்தேன். என் வாய் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் ஒருவரின் உதவியும் இல்லாமல், தானே போன் வாசிக்கிற குரலைக் கேட்டுக் கேட்டு அந்த மண்டபத்தைப் பதிந்தாராம், அதைப் பெருமையாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னேன்.

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அப்ப கலண்டர் வேலை செய்யுது" என்றாள்.

"ஓம்."

"வாசலில எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"கடைசி ஆள் வருமட்டும்."

"நிண்டபடியோ? கதிரை ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"குடுத்தவை. நாகேந்திரம் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டவர். மனுசன் இருக்க மாட்டனெண்டிட்டார்."

அவள் பலகாரப் பெட்டியைத் தடவித் திறந்து, ஒரு லட்டை எடுத்து என் கையில் தந்தாள். தான் எடுக்கவில்லை. ஹோலில் தமையனின் கூட்டாளிகள் வந்து இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். அவள் மடித்த உடுப்பைக் கட்டிலில் ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, அவர்கள் எழும்பிப் போகட்டும் என்று சுவரில் சாய்ந்து இருந்தாள்.